காலடியை மறந்த அடுக்களை

வீடு கட்டுவோர் கூரையை நோக்கியபடி கட்டுகின்றனர். வீட்டைப் புதுக்குவோர் சுவரை நோக்கியபடி புதுக்குகின்றனர். கண்ணுக்கு நேரே நிற்பது சுவர். வந்தவர் பார்த்துப் பாராட்டுவதும் அதனையே. ஆயின், அடுக்களையில் நாள் முழுவதும் நின்றும் இருந்தும் உழைக்கும் பெண்மக்களுக்கு நெருங்கிய உறவு தரையோடுதான். விடியற்காலையில் அவர்களை முதலில் தொடுவது அது. இரவில் கடைசியாக அவர்கள் கழுவித் துடைத்துவிட்டு வருவதும் அது. அதனைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேச நேர்ந்த கதை ஒன்றை இவ்வாரம் வாசக அன்பர்களிடம் கூற விழைகின்றோம்.

'கல்முனைக் கரையிலே தரை குளிர்கிறதா? இதென்ன புதுமை!' என்று சிலர் நகைக்கக்கூடும். சித்திரை வெயிலில் முற்றத்து மணலில் கால் வைக்க இயலாத ஊர் இது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெறுந்தரையில் படுத்தால்தான் உறக்கம் வரும். உண்மைதான். ஆனால், ஆண்டு முழுவதும் கச்சான் வீசுவதில்லை. ஐப்பசி கழிந்து வாடை திரும்பியதும், கார்த்திகையும் மார்கழியும் தையுமாக மழை கொட்டித் தீர்க்கின்றது. எமது கரை ஓராண்டிற் பெறும் மழையிற் பெரும்பங்கு இச்சில மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. கிழக்கே கடல், மேற்கே நீர் நிறைந்த வயல்கள், இடையிலே ஒரு மணற்கீற்று. அக்கீற்றின் மீதுதான் மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நெருங்கி அமைந்துள்ளன. மாரியில் கிணற்று நீர், குனிந்து கையால் அள்ளும் உயரத்துக்கு வந்துவிடுவதை இங்குள்ளோர் அறிவர். கிணற்றில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றதோ, அடுக்களைத் தரைக்குக் கீழேயும் ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். இதனைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நாமும் நினைத்துப் பார்க்கவில்லை.

எமது வீட்டு அடுக்களையை முன்னொரு பங்குனியில் புதுக்கினோம். பழைய சிவப்புச் சீமெந்து நிலம் ஆங்காங்கே வெடித்திருந்தது. அதன் மேலேயே பளபளக்கும் மெருகு ஓடுகளைப் பதிப்பித்தோம். சுவருக்கு வெள்ளை, அடுப்புத் திட்டுக்குக் கருங்கல், பாத்திரம் அடுக்க மரத்தட்டுகள். முகம் பார்க்கலாம் போன்ற தரையைக் கண்டு யாவரும் மகிழ்ந்தனர். எம் அன்னையார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதானவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அடுக்களையின் அரசி. தேங்காய் துருவவும் கீரை ஆயவும் இன்றும் நிலத்திலே இருப்பவர். கதிரை வாங்கிக் கொடுத்தோம். அதன் மீது வெங்காயக் கூடையை வைத்துக்கொண்டார்.

மழை தொடங்கிய இரண்டாம் வாரமே முறைப்பாடு வந்தது. "மகன், நிலம் காலைப் பிடிச்சுக் கடிக்குது" என்றார். முதுமையின் முணுமுணுப்பு என்று கருதி, வாசலில் கிடந்த ஒரு சீலைத் துண்டை விரித்துவிட்டுப் பாடசாலைக்குப் போனோம். மாலையில் வந்து பார்த்தபோது அச்சீலை பிழியலாம் போல நனைந்திருந்தது. யாரோ தண்ணீர் சிந்திவிட்டனர் என்று முடிவு செய்தோம். ஒரு கல்லூரி ஆசிரியர், கண்ணெதிரே கிடந்த சான்றை இவ்வாறு தள்ளிவைத்தமை எமக்கு இன்றும் நாணத்தைத் தருகின்றது.

மார்கழியின் ஒரு விடியற்காலையில், தேநீருக்கு நீர் வைக்கச் சென்ற அன்னையார் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. நீண்டகாலமாகச் சீனி வருத்தம் உள்ளவராதலின், பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தது. தரையிற் படிந்திருந்த மெல்லிய நீர்ப்படலத்தைக் கால் உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை. முறிவு ஆறு வாரத்தில் பொருந்திற்று. ஆனால், அவர் அடுக்களைக்குள் மீண்டும் நுழையவில்லை. வெளி விறாந்தையில் இருந்துகொண்டு, கறிக்கு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டார். ஐம்பது ஆண்டு ஆண்டவர், அழகுக்காக நாம் பதித்த ஒரு தரையினால் அரசிழந்து இருந்த காட்சி எம்மை உறங்கவிடவில்லை. அதன் பின்னரே இவ்விஷயத்தை ஒழுங்காகக் கற்கத் தலைப்பட்டோம்.

முதலில், தரை ஏன் குளிர்கின்றது என்பதைப் பார்ப்போம். மாணவர்கள் இதனைச் சற்றுக் கவனித்துப் படிப்பாராக. ஒரே அறையில் இரவு முழுவதும் கிடந்த ஓர் இரும்புத் துண்டையும் ஒரு மரத்துண்டையும் காலையில் தொட்டுப் பாருங்கள். இரும்பு குளிரும், மரம் குளிராது. ஆனால் வெப்பமானியை வைத்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். கை அறிவது பொருளின் வெப்பநிலையை மட்டுமன்று. கையிலுள்ள சூட்டை அப்பொருள் எவ்வளவு விரைவாக இழுத்துக்கொள்கின்றது என்பதையும் சேர்த்தே அறிகின்றது. கொங்கிறீட்டு, மரத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்நாட்டார் பயன்படுத்தும் மெத்தென்ற நுரைப் பலகையைப் போல, அதாவது நாம் றெஜிபோம் என்று வழங்கும் பொருளைப் போல, நாற்பது மடங்கு கடத்தும். தரை 25 பாகையாகவும் பாதம் 32 பாகையாகவும் இருக்கின்றன என்று கொள்வோம். மரத்தின் மீது கால் வைத்த கணத்தில், தொடும் இடம் ஏறத்தாழ 30 பாகையில் நிற்கும். கொங்கிறீட்டின் மீது வைத்தால் ஏறத்தாழ இருபத்தேழரைக்கு இறங்கிவிடும். அந்த இரண்டரைப் பாகையைத்தான் அன்னையார் 'கடிக்குது' என்றார்.

இஃது உலர்ந்த தரையின் கதை. ஈரம் சேர்ந்தால் நிலைமை வேறு. மண்பானை நீர் ஏன் குளிர்கின்றது? பானையின் நுண்துளைகளின் வழியே நீர் வெளியே கசிந்து, ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கொண்டு போகின்றது. ஈரம் ஊறும் சீமெந்து நிலமும் அத்தகைய ஒரு பானையே. கீழிருந்து நீரைக் குடிக்கின்றது, மேலே ஆவியாக விடுகின்றது, தான் குளிர்கின்றது. அறையின் காற்றைவிட அத்தரை இரண்டு மூன்று பாகை தாழ்ந்திருப்பது எளிது. மேலும், நுண்துளைகளில் காற்று நின்ற இடத்தில் நீர் நிறைந்தால், வெப்பம் இன்னும் விரைவாகக் கீழே ஓடும். காய்ந்த மணலைவிட நீர் நிறைந்த மணல் ஆறேழு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகின்றது.

இரண்டாவது வகை ஈரம் மேலிருந்து வருவது. குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாய் அரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அது போத்தலிலிருந்து கசிந்த நீரன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பிற் படிவது. மழைக்காலத்தில், காற்று 28 பாகையாகவும் அதன் ஈரப்பதன் நூற்றுக்குத் தொண்ணூறாகவும் இருக்கும் வேளையில், 26 பாகைக்குச் சற்றுத் தாழ்ந்த எந்தப் பரப்பிலும் இவ்வாறு நீர் படியும். அடுக்களையிலோ சோறும் கறியும் கொதித்து வேறு நீராவி எழுகின்றது. நீரை உறிஞ்சாத மெருகு ஓட்டின் மீது அந்தப் பனிநீர் அப்படியே நிற்கும். வழுக்குவதற்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

ஆகவே, மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். நீர் கீழிருந்து வருகின்றதா, மேலிருந்து வருகின்றதா? இதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளை எடுத்து, தரையை நன்கு துடைத்து உலர்த்தி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதவாறு ஒட்டிவிட வேண்டும். ஓர் இரவும் அடுத்த பகலில் ஒரு பாதியுமாக, பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவைத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடிப்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலும் தரை கறுத்திருந்தாலும், நீர் நிலத்திலிருந்து ஏறுகின்றது. தாளின் மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால், அது காற்றின் நீர். ஓடு பதித்த தரையானால், ஓடுகளின் இணைப்புக் கோடுகள் தாளின் நடுவே வருமாறு ஒட்டுதல் வேண்டும். ஏனெனில் ஈரம் அவ்வழியாகவே மேலே வரும்.

எமது அடுக்களையில் நான்கு மூலைகளிலும் ஒட்டினோம். நான்கிலும் அடிப்புறத்தில் நீர். கிணற்றை அடுத்த கீழ்மூலையில் துளிகள் ஒன்றோடொன்று கலந்து ஓடவே தொடங்கியிருந்தன. சுவரின் அடியில் வெள்ளை மாப்போல உப்புப் பூத்திருந்ததையும் அப்போதுதான் கண்டோம். அது நெடுநாளாகவே அங்கிருந்திருக்கின்றது, நாம் பார்த்ததில்லை.

அயலூரிலிருந்து ஒரு மேசன் காக்காவை வரவழைத்தோம். நாற்பது ஆண்டுகளாகக் கரண்டி பிடித்த முதியவர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனதன் பின், இந்தக் கரையில் எழுந்த புதுவீடுகள் பலவற்றில் வேலை செய்தவர். கடலோரத்தில் கட்ட இயலாமையாலும் ஊர்களில் நிலம் அருகியமையாலும், வயற்பக்கத்துப் பள்ளங்களை நிரப்பி வீடுகள் எழுந்த காலம் அது. நிரப்பிய நிலத்தின் குணத்தை அவர் கையால் அறிந்தவர். அடுக்களைக்குள் நுழையாமல், முதலில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"சேர், உள்ளே என்னத்தைப் பார்க்கிற? முற்றம் உசரம், குசினி பள்ளம். நிலத்துக்குக் கீழே கேணி கிடக்கு. மேலே ஓட்டை மாத்தி என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. 2011ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருவெள்ளத்தின் பின், முற்றத்தில் நீர் தேங்குகின்றதென்று பல சுமை மண் கொட்டி உயர்த்தியிருந்தோம். வீட்டின் பின்புறத்தில் பிற்காலத்திற் சேர்த்துக் கட்டிய அடுக்களையோ தாழ்ந்தே கிடந்தது. கூரையில் பீலி இல்லை. ஓட்டிலிருந்து விழும் மழை முழுவதும் சுவரின் அடியிலேயே விழுந்தது. பாத்திரம் கழுவும் நீரும் அச்சுவரோரமாகவே ஓடிற்று. நாமே நீர் வார்த்து வளர்த்த குளிர் அது! உள்ளே நுரைப் பலகையும் விலையுயர்ந்த விரிப்பும் இட்டிருந்தாலும் அவை நீரிலே ஊறியிருக்கும். வேறு பயன் விளைந்திராது.

வேலை தொடங்குமுன் வேறோர் ஆலோசனையும் வந்தது. கனடாவில் ரொறன்ரோ நகருக்கருகே வாழும் எம் உறவினர் ஒருவர், தாமும் அடுக்களையைப் புதுக்கியதாகவும், கொங்கிறீட்டுத் தரையின் குளிர் தாங்காமல் இரண்டங்குல நுரைப் பலகை விரித்து அதன் மேல் ஒட்டுப்பலகை அடித்ததாகவும், நாமும் அவ்வாறே செய்யலாமென்றும் தொலைபேசியிற் கூறினார். அவருக்கு அது சரியே. அந்நாட்டில் மாரியில் நிலம் நாலடி ஆழம் வரை உறையக்கூடுமென்று கணித்தே அத்திவாரம் இடுகின்றனர். ஆழத்து மண்ணின் வெப்பநிலை, அவ்விடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். ரொறன்ரோவில் அஃது ஒன்பது பத்துப் பாகை. அங்கே மண்ணே திருடன். வீட்டின் சூட்டை அது ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். மண்ணுக்கும் காலுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தாத ஒரு படை கட்டாயம் வேண்டும்.

கல்முனையில் ஆழத்து மண் இருபத்தேழு இருபத்தெட்டுப் பாகையில் நிற்கின்றது. அது நம்மிடமிருந்து பறிப்பது மிகச் சிறிது. இங்கே திருடர் இருவர்: ஒருவன் நீர், மற்றவன் காலைத் தொடும் கல்லின் வேகம். ஆதலின் எமக்கு முதலில் வேண்டியது நீர்த்தடை. இரண்டாவது, கால் படும் இடத்தில் மென்மையான மேற்பரப்பு. தடித்த நுரைப் பலகைக்குச் செலவிடுதல் இக்கரையில் அவசியமன்று. நம் நாட்டிலேயே நுவரெலியாவைப் போல, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி பதினாறு பாகை அளவிலுள்ள ஊரில் வாழ்வோர் கனடாக்காரரின் முறையைக் கைக்கொள்ளலாம். அவர்களும் பொலித்தீனுக்குப் பிறகே பலகை என்ற வரிசையை மாற்றலாகாது. நுரைப் பலகையைக் கறையான் துளைக்கும். நெருப்பிலும் எளிதிற் பற்றும். ஆகவே, அடுப்புள்ள இடத்தில் அதன் மேல் கொங்கிறீட்டு மூடியிருப்பதே பாதுகாப்பு.

தரையின் குளிரை வெல்ல மனிதர் பண்டுதொட்டு முயன்றே வந்துள்ளனர். உரோமர் தம் நீராடு மாளிகைகளின் தரையைச் சிறு தூண்களின் மேல் நிறுத்தி, அடியிலே சூடான காற்றை ஓடவிட்டனர். கொரிய நாட்டார் அடுக்களை அடுப்பின் புகையையே பக்கத்து அறைகளின் தரைக்குக் கீழே செலுத்தி, சோறு சமைத்த நெருப்பினால் படுக்கையையும் சூடாக்கினர். ஒண்டோல் என்பது அதன் பெயர். எமது கரையோரத்து மூத்தோரும் அறிவிற் குறைந்தவரல்லர். குந்தை உயர்த்தி வீட்டைக் கட்டினர். மண்ணும் சாணமும் குழைத்து மெழுகிய நிலத்தில் நார் கலந்திருந்தது. அது கொங்கிறீட்டைப் போலச் சூட்டைப் பிடுங்கவில்லை. அயலிலுள்ள முஸ்லிம் வீடுகளில் நிலத்தின் மேல் பன்பாய் விரிந்திருக்கும். அதன் மேல் அமர்ந்தே ஒரே தட்டைச் சுற்றி உண்பர். பன்புல்லின் தண்டுக்குள்ளே காற்று அடைபட்டிருக்கின்றது. அசையாத காற்றே வெப்பத்தைக் கடத்தாத பொருள்களிற் சிறந்தது. சாணம் மெழுகும் நிலத்துக்கே திரும்புவோம் என்று நாம் கூற வரவில்லை. வாரந்தோறும் முழந்தாளிட்டு மெழுகியவர்களும் நம் அன்னையரே. சீமெந்து அவர்களுக்கு அந்த உழைப்பிலிருந்து விடுதலை தந்தது. ஆனால், பழைய நிலம் காலுக்குச் செய்த உதவியைப் புதிய நிலம் செய்ய வேண்டுமென்று நாம் கேட்க மறந்தோம்.

இனி, நாம் செய்த வேலையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, வெளிவேலை. அடுக்களையைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு முற்றத்து மண்ணை வெட்டியெடுத்து, உள்தரையைவிட அரையடி தாழ்த்தினோம். கூரைக்குப் பீலி வைத்து, மழைநீரைச் சுவருக்கு அப்பால் கொண்டு சென்றோம். கழுவுநீருக்குக் குழாய் இட்டோம். இவ்வளவும் செய்து ஒரு மழைக்குப் பின் மறுபடி பொலித்தீன் ஒட்டிப் பார்த்தபோது, மூன்று மூலைகளில் நீர் பெரும்பாலும் குறைந்திருந்தது. கிணற்றடி மூலை மட்டும் மாறவில்லை. பல வீடுகளில் வெளிவேலையோடு நோய் தீர்ந்துவிடும் என்பதற்காகவே இதனை முதலிற் சொன்னோம்.

இரண்டாவது, உள்வேலை. பழைய ஓட்டையும் சீமெந்தையும் பெயர்த்து, நிலத்தைத் தோண்டினோம். அடியில் இட்டிடித்தது மணலன்று. முக்கால் அங்குலச் சல்லி, நாலங்குலத் தடிப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்ணிய மணலில் நீர் தானே மேலேறும். பருமனான சல்லியின் இடைவெளிகள் பெரியவை; அவற்றில் நீரால் ஏற இயலாது. சல்லி குத்திக் கிழிக்காதவாறு மேலே மெல்லிய மணற்படை ஒன்று. அதன் மேல் ஆயிரம் கேஜுக்குக் குறையாத தடித்த பொலித்தீன். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். சுவரோரத்தில் தரைமட்டத்துக்கு மேலே மடித்து ஏற்றவேண்டும். ஓரத்தில் விட்ட ஓரங்குல இடைவெளி முழு வேலையையும் கெடுத்துவிடும். பொலித்தீன் மீது ஆணிச் செருப்போடு நடந்த ஒரு பையனை மேசன் காக்கா அதட்டிய அதட்டல், வீதி வரை கேட்டது. அதன் மேல் மூன்றங்குலக் கொங்கிறீட்டு.

மூன்றாவது, பொறுமை. ஏழு நாள் நனைத்துப் பதப்படுத்திய பின், கொங்கிறீட்டு உலர நாள் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு நாள் என்பது கட்டட வேலையில் வழங்கும் கணக்கு; தடித்த தளத்துக்கு அதனினும் கூடும். மூன்றங்குலம் என்பது எழுபத்தைந்து மில்லிமீற்றர். இரண்டரை மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே ஓடோ விரிப்போ மூடினால், கொங்கிறீட்டு தன்னுள் அடைபட்ட நீரையே வியர்க்கும். எனவே இவ்வேலையைச் சித்திரையில் தொடங்கி, கச்சான் காற்றில் உலரவிட்டு, வாடைக்கு முன் முடிப்பதே உகந்தது. நாம் அந்த மாதங்களில் விறாந்தையிலேயே சமைத்தோம்.

நான்காவது, மேற்பரப்பு. பளபளக்கும் ஓட்டைத் திரும்பப் பதிக்கவில்லை. சற்றே சொரசொரப்பான சிவப்புச் சீமெந்தால் நிலம் இழுத்தோம். அடுப்பின் முன்னும், அன்னையார் அமரும் மூலையிலும், முதிரைப் பலகைகளை அரையங்குல இடைவெளி விட்டு அடித்த தாழ்ந்த மேடைகள் இரண்டு. அடியிலே காற்று உலாவும். வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் வைக்கலாம். இருக்கும் மேடையின் மேல் ஒரு பன்பாய். தரை உயரக்கூடுமாதலால் கதவின் அடிப்பக்கம், வாசற்படி, அடுப்புத் திட்டின் உயரம் ஆகியவற்றை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். நாம் கதவை மறந்து, பின்னர் அறுத்தோம்.

தரையைப் பெயர்க்க வசதியில்லாதவர் பலர் உண்டு என்பதை அறிவோம். அவர்களும் வாளாவிருக்க வேண்டியதில்லை. வெளிவேலையை மண்வெட்டி ஒன்றைக் கொண்டு தாமே செய்யலாம். கூரைநீர் சுவரடியில் விழாமல் தகரத்தை மடித்தேனும் ஒரு பீலி அமைக்கலாம். சமைக்கும்போது மேற்சன்னலைத் திறந்து நீராவியை வெளியேற்றலாம். நிற்கும் இடத்தில் மரச்சட்டங்கள் அடித்த ஒரு தட்டும், அதன் மேல் தும்புத் தடுக்கும் போதும். செய்யக்கூடாதது ஒன்று: ஈரம் ஊறும் நிலத்தின் மேல் வண்ணப்பூச்சோ, பிளாத்திக்கு விரிப்போ ஒட்டுவது. அது ஈரத்தை மறைக்கும்; நிறுத்தாது. அடியிலே பூஞ்சணம் பிடித்து, சில மாதங்களில் கொப்புளமாகக் கிளம்பும்.

மற்றொன்றும் கூறவேண்டும். தரைக்குளிர் மூட்டுவாதத்தை உண்டாக்குகின்றது என்று ஊரிலே சொல்வதுண்டு. நோயை அஃது உண்டாக்குவதில்லை. உள்ள நோவைக் கூர்மையாக்கக்கூடும். முதியோருக்கு அதனினும் பெரிய ஆபத்து விழுதல்தான். சீனி வருத்தம் உள்ளவர் வீட்டிலும் காலில் எதையேனும் அணிந்தே நடக்கவேண்டுமென மருத்துவர் கூறுவர். எம் அன்னையார் அடுக்களையிற் செருப்பு அணிய மறுத்தார். அதற்கென்றே தனியாக ஒரு துணிச் செருப்பு வாங்கி, அது முற்றத்து மண்ணை மிதிக்காது என்று உறுதிகூறிய பின்னர் இணங்கினார். வயதானவர்களின் வழக்கத்தோடு போராடுவதைவிட, அதற்குள்ளேயே ஒரு வழி காண்பது எளிது.

வேலை முடிந்த ஆண்டும் மழை குறையவில்லை. கார்த்திகையில் ஓரிரவு முழுவதும் பெய்து ஓய்ந்த காலையில், பொலித்தீன் தாளை ஒட்டிப் பார்த்தோம். மறுநாள் அடிப்புறம் காய்ந்திருந்தது. அன்னையாரிடம் அதனைக் காட்டினோம். தாளை அவர் பொருட்படுத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்து, துணிச் செருப்பைக் கழற்றி, வெறுங்காலை ஒருமுறை நிலத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பலகை மேடையில் அமர்ந்து, "திருவலையை எடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தைப்பொங்கலன்று மேசன் காக்காவுக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தோம். "அம்மா குசினிக்கு வந்திட்டாவா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. வந்துவிட்டார் என்றோம். "அப்ப நிலம் சரி" என்றார்.

அடுக்களையைப் புதுக்க எண்ணும் அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. ஓட்டுக்கடைக்குப் போகுமுன், மழைக்காலத்து விடியற்காலை ஒன்றில், வீட்டில் யாவரும் எழுமுன் சென்று, உங்கள் அடுக்களைத் தரையில் வெறுங்காலோடு கால்மணி நேரம் நின்று பாருங்கள். அங்கே அன்றாடம் நிற்பவர் யாரென்றும் எண்ணிப் பாருங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பது அப்போது தானே விளங்கும்.